வியாழக்கிழமை வரும் ஆசிரியர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘உள்ளடக்கிய ஆசிரியர் கல்வியும் கலப்பு முறை ஆய்வும்’ என்று தலைப்பு அச்சாகியிருக்கிறது. முப்பது ஆண்டுகளாக நான் செய்துவந்த வேலையின் பெயர் அது. அந்த வேலை இன்னது என்று எனக்குப் புரியவைத்த ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன்.

அனைவருக்கும் கல்வி இயக்கம் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்த காலம். தென்மாவட்டம் ஒன்றின் வட்டார வள மையத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. மதிய இடைவேளைக்கு முன்னால் ஒரு மனப்பான்மை வினாநிரலைக் கொடுத்தேன். ‘உடற்குறை உள்ள குழந்தைகளும் மற்றக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் படிக்க வேண்டும்’ என்பது அதில் ஒரு கூற்று. ஏறக்குறைய எல்லாரும் ‘முழுமையாக உடன்படுகிறேன்’ என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தார்கள். எனக்கு மகிழ்ச்சி.

அடுத்த வாரம் அவர்களில் ஒருவருடைய பள்ளிக்குப் போனேன். மூன்றாம் வகுப்பு. ஜன்னல் ஓரமாக, மற்றப் பிள்ளைகளிடமிருந்து ஒரு பாய் அகலம் தள்ளி, காது கேளாத பையன் ஒருவன் சிலேட்டில் ஏதோ வரைந்துகொண்டிருந்தான். ஆசிரியை கடன் வாங்கிக் கழித்தல் சொல்லிக்கொடுத்தார். நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். ஆனால் நாற்பது நிமிடத்தில் ஒருமுறைகூட அவன் பக்கம் திரும்பவில்லை. வகுப்பு முடிந்ததும் மெதுவாகக் கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்காமல், கனிவோடுதான் சொன்னார்: “அவனுக்கு வியாழக்கிழமை ஸ்பெஷல் டீச்சர் வருவாங்க மேடம்.”

திரும்பி வரும் பேருந்தில் எனக்குக் கோபம் அடங்கவில்லை. படிவத்தில் ஒன்று, வகுப்பில் ஒன்று என்று நினைத்தேன். அது தவறான நினைப்பு என்று தெரிய எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பையனின் வீட்டுக்கே போய், அவன் அம்மாவிடம் பேசி, அவனைப் பள்ளியில் சேர்த்தவர் அவர்தான். சாப்பாட்டு வரிசையில் அவனை யாரும் தள்ளிவிடாமல் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். ‘ஒரே வகுப்பில் படிக்க வேண்டும்’ என்பதை முழு மனத்தோடு ஏற்றிருந்தார். அவர் அறிந்த அளவில் அவன் ஒரே வகுப்பில்தான் இருந்தான். அவனுக்குக் கழித்தல் கற்பிப்பதும் தன் வேலைதான் என்று மட்டும் அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் ஆசிரியர் கல்வித் துறையில் இருக்கும் நாங்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உள்ளடக்கிய கல்விக்குத் தரும் விளக்கத்தில் இரண்டு பாதிகள் உண்டு. மாற்றுத்திறன் உள்ள மாணவரும் இல்லாத மாணவரும் சேர்ந்து கற்பது ஒரு பாதி. கற்பிக்கும் முறையும் கற்கும் முறையும் வெவ்வேறு வகை மாற்றுத்திறன் உள்ள மாணவர்களின் தேவைக்கேற்ப மாற்றி அமைக்கப்படுவது மறு பாதி. நம் ஆசிரியர்கள் முதல் பாதியை ஏற்றுப் பல காலம் ஆகிறது. கட்டாயக் கல்விச் சட்டம், சேர்க்கை இயக்கம், சத்துணவு எல்லாம் சேர்ந்து அந்தப் பாதியைச் சாதித்திருக்கின்றன. இரண்டாம் பாதி இன்னும் வியாழக்கிழமைக்காகக் காத்திருக்கிறது.

அந்த வியாழக்கிழமை எங்கிருந்து வந்தது?

பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிஷனரிப் பெண்கள் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் தனித்தனியே பள்ளிகள் தொடங்கினார்கள். அன்று பொதுப் பள்ளி அந்தக் குழந்தைகளுக்குக் கதவைத் திறக்கவில்லை. திறக்காத கதவுக்குப் பக்கத்தில் அவர்கள் இன்னொரு கதவு வைத்தார்கள். அந்த நன்றியை நாம் மறக்கக் கூடாது. சுதந்திரத்துக்குப் பிறகு கோத்தாரிக் குழு, இயன்றவரை இந்தக் குழந்தைகளைப் பொதுப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டும் என்று 1966இல் எழுதியது. 1974இல் மத்திய அரசின் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் வந்தது. அது சமூகநலத் துறையின் திட்டமாகப் பிறந்தது. 1982இல்தான் கல்வித் துறைக்கு மாறியது. எட்டு ஆண்டுகள் இந்தக் குழந்தைகளின் படிப்பு, கல்வித் துறையின் பொறுப்பாகக்கூட இல்லை.

பிறகு ஆசிரியர் கல்வியே இரண்டாகப் பிரிந்தது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் குழுமம். அடுத்த ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். ஒன்று ஒரு அமைச்சகத்தின் கீழ், மற்றொன்று வேறு அமைச்சகத்தின் கீழ். சிறப்புக் கல்வி பி.எட். ஒன்று, பொது பி.எட். ஒன்று. இரண்டிலும் படிப்பவர்கள் நாளை ஒரே பள்ளியில், ஒரே குழந்தையின் முன்னால் நிற்கப்போகிறவர்கள். ஆனால் படிக்கும் காலத்தில் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. ஒருவருக்குக் குழந்தையின் குறையைப் பற்றித் தெரியும், ஏழாம் வகுப்பு அறிவியல் தெரியாது. இன்னொருவருக்கு அறிவியல் தெரியும், அந்தக் குழந்தையைக் கண்டால் பயம். அந்த ஆசிரியை சொன்ன வியாழக்கிழமையை நாம்தான் அச்சடித்துக் கொடுத்தோம்.

வியாழக்கிழமை வரும் அந்தச் சிறப்புப் பயிற்றுநர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு வட்டாரத்துப் பள்ளிகளைச் சிலர் பங்கிட்டுக்கொண்டு, தொகுப்பூதியத்தில், பேருந்து மாறி மாறிப் போய்வருகிறவர்கள் அவர்கள். வாரத்தில் ஒருநாள் வரும் ஒருவரிடம் ஐந்து நாள் வேலையை ஒப்படைத்திருக்கிறோம். அவர்களுடைய பணிப் பாதுகாப்பைப் பேசாமல் உள்ளடக்கிய கல்வியைப் பேசுவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

2014ஆம் ஆண்டு விதிமுறைகளால் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பானபோது எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் பாடத்திட்டச் சட்டகத்தில் ‘உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குதல்’ எல்லாருக்கும் கட்டாயப் பாடமானது. ஆனால் அது அரைத்தாள். மாணவர்கள் அதை நன்றாகவே படித்தார்கள். 1995 சட்டத்தில் 7 வகை, 2016 சட்டத்தில் 21 வகை என்று வரிசை தவறாமல் எழுதினார்கள். விடைத்தாள் திருத்தும்போது எனக்கு ஒரு கவலை வளர்ந்துகொண்டே போனது. வகைகளை இவ்வளவு தெளிவாகக் கற்பிக்கக் கற்பிக்க, ‘இது என் வகை இல்லை’ என்ற எண்ணத்தையும் நாம் சேர்த்தே கற்பிக்கிறோமோ?

ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் லானி ஃப்ளோரியனும் மார்ட்டின் ரவுஸும் இதே சிக்கலைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் தனித்தாள் ஒன்றைச் சேர்க்கவில்லை. ஓராண்டு ஆசிரியர் பட்டயப் படிப்பை முழுவதுமாகப் பிரித்துப் பார்த்து, எல்லாப் பாடத்துக்குள்ளும் ஒரே கேள்வியைக் கொண்டுபோனார்கள்: இந்த வகுப்பில் உள்ள எல்லாருடைய கற்றலுக்கும் நான்தான் பொறுப்பு என்று நம்புகிற ஆசிரியர் எப்படி உருவாகிறார்? பெரும்பாலோருக்கு ஒரு பாடம், சிலருக்கு வேறொன்று என்று பிரிக்காமல், வகுப்பில் எல்லாருக்கும் கிடைக்கக்கூடியதையே அகலப்படுத்துவது ஃப்ளோரியனின் வாதம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் எங்கள் கல்லூரியில் நாங்கள் நேர்மாறாகச் செய்திருந்தோம்.

பாடக்குறிப்பேட்டில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருந்தோம்: ‘மாற்றுத்திறன் மாணவருக்கான செயல்பாடு’. ஒரு பருவம் முடிந்து பதிவேடுகளைப் புரட்டினேன். தமிழ், கணிதம், வரலாறு எல்லாவற்றிலும் அந்தப் பத்தியில் ஒரே வரி: ‘எளிய வினாக்கள் கேட்கப்படும்.’ பத்தியை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில், பாடக்குறிப்பின் தலையிலேயே ஒரு கேள்வி வைத்தோம்: ‘இன்றைய பாடம் இந்த வகுப்பில் யாருக்குப் போய்ச் சேராது, ஏன்?’ இதற்குப் பொதுவான பதில் எழுத முடியாது. பெயர் எழுத வேண்டும். பெயர் எழுத வேண்டுமானால் குழந்தைகளைத் தெரிந்திருக்க வேண்டும்.

பதினாறு வாரக் கற்பித்தல் பயிற்சிக்குப் போன மாணவி ஒருத்தி அந்தக் கேள்விக்கு, ‘கரும்பலகையில் வட்டம் வரைந்து பின்னம் சொல்லப்போகிறேன், முதல் வரிசையில் இருக்கும் பார்வை மங்கிய பெண்ணுக்குப் போய்ச் சேராது’ என்று எழுதியிருந்தாள். எழுதிவிட்டு, வட்டத்தையே கைவிட்டிருந்தாள். வகுப்பில் எல்லார் கையிலும் பழைய செய்தித்தாள் துண்டு. இரண்டாக மடி, நான்காக மடி, எட்டாக மடி. விரலால் மடிப்பைத் தடவி எண்ணு. மடிக்க மடிக்கத் துண்டின் எண்ணிக்கை கூடுகிறது, அளவு குறைகிறது. எட்டில் ஒன்று ஏன் நான்கில் ஒன்றைவிடச் சிறியது என்பதை அந்தப் பெண் விரலால் கண்டுபிடித்தாள். கரும்பலகையைப் பார்த்துப் பார்த்து அதுவரை தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்த கடைசி வரிசைப் பையன்கள் மூன்று பேரும் அன்றுதான் கண்டுபிடித்தார்கள். அந்த மூவருக்கும் எந்தச் சான்றிதழும் கிடையாது. எந்த வகையிலும் அவர்கள் வரமாட்டார்கள். ஒரு குழந்தைக்காகப் பாடத்தை மாற்றியபோது, யாரும் கணக்கில் எடுக்காத மூன்று குழந்தைகளுக்கும் பாடம் கிடைத்தது.

இனி ஆய்வுக்கு வருகிறேன். நான் ஆய்வு மாணவியாக இருந்த காலத்தில் கல்வியியல் ஆய்வு என்றால் வினாநிரல். ஆண்–பெண், நகரம்–கிராமம், அரசு–தனியார் என்று பிரித்து, ‘டி’ சோதனை செய்து, ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று முடிப்போம். எத்தனையோ எம்.எட். ஆய்வேடுகள் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்து நூலக அலமாரியில் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் இளம் ஆசிரியர்களின் உண்மையான உழைப்பு இருக்கிறது. ஊர் ஊராகப் போய்ப் படிவம் வாங்கியிருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு ஏற்ற கேள்வியை நாம் அவர்களுக்குக் கொடுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

எனக்கு வழி காட்டிய நூல் கல்வியியல் நூலே இல்லை. வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்ற சிற்றூர். நெசவாலை மூடி, ஊரே வேலை இழந்திருந்தது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்சைஸல் ஆகியோர் அங்கே செய்த ஆய்வு 1933இல் வெளிவந்தது. அவர்கள் வீட்டுச் செலவைக் கணக்கிட்டார்கள். வாழ்க்கை வரலாறுகளைக் கேட்டு எழுதினார்கள். சாலையைக் கடப்பவர்களைக் கையில் கடிகாரத்தோடு கவனித்தார்கள். ஆண்கள் மெல்ல நடந்தார்கள், நடுவழியில் திரும்பத் திரும்ப நின்றார்கள். பெண்கள் அப்படி நிற்கவில்லை. அவர்களுக்கு வீட்டு வேலை ஓயவில்லை. ஆண்களுக்கு ஓய்வு நேரம் கூடியிருக்கிறது, நூலகக் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் எடுத்துப் படித்த நூல்களின் எண்ணிக்கை குறைந்துபோயிருந்தது. நேரம் இருக்கிறது, நூல் இருக்கிறது, வாசிப்பு இல்லை. ஏன் என்ற கேள்விக்கு எண்ணிக்கையில் பதில் இல்லை. மக்களின் பேச்சில்தான் இருந்தது. ஆனால் எண்ணிக்கை இல்லாமல் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

எண்ணையும் பேச்சையும் இப்படிச் சேர்த்து ஆராய்வதற்குக் ‘கலப்பு முறை’ என்ற பெயர் நிலைபெற்றது வெகு காலத்துக்குப் பிறகு. ஜெனிஃபர் கிரீனும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் 57 மதிப்பீட்டு ஆய்வுகளைப் படித்து, இரண்டு முறைகளைச் சேர்ப்பதற்கு ஐந்து நோக்கங்கள் உண்டு என்று 1989இல் எழுதினார்கள். ஒன்றை மற்றொன்றால் உறுதிப்படுத்துவது அதில் முதலாவது. நம் ஆய்வேடுகள் அந்த ஒன்றோடு நின்றுவிடுகின்றன. முன்னூறு பேரிடம் படிவம், ஐந்து பேரிடம் நேர்காணல், இரண்டும் ஒன்றையே சொல்கின்றன, சுபம். அவர்கள் சொன்ன நோக்கங்களில் எனக்கு மிக நெருக்கமானது வேறு: இரண்டும் முரண்படும் இடத்தைத் தேடிப் போவது, அங்கிருந்து புதிய கேள்வியைத் தொடங்குவது. என் படிவமும் அந்த ஜன்னல் ஓரமும் முரண்பட்ட இடம் அப்படிப்பட்டது. அதை நான் அன்று ஆசிரியையின் குறையாகப் பார்த்தேன். என் கருவியின் குறையாகப் பார்த்திருக்க வேண்டும்.

கருவியின் குறை என்பதைத் தமிழிலேயே விளக்குகிறேன். உள்ளடக்கிய கற்பித்தலில் ஆசிரியரின் தன்திறன் நம்பிக்கையை அளக்க, உமேஷ் சர்மா, டிம் லோர்மன், கிறிஸ் ஃபோர்லின் மூவரும் 2012இல் வெளியிட்ட 18 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது. அதைத் தமிழாக்கும்போது, ‘என்னால் முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது’ என்ற பொருளில் வரும் கூற்றுகளைச் சுருக்கி, ‘நம்பிக்கை இருக்கிறது’ என்று எழுதினோம். இலக்கணப்படி தவறில்லை. மறுபடி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பார்த்தபோதும் சரியாகவே வந்தது. பிறகு சில ஆசிரியர்களை உட்காரவைத்து, குறியிடும்போதே மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னோம். ஒரு மூத்த ஆசிரியர் ஆறில் ஆறு என்று குறித்துவிட்டுச் சொன்னார்: “கடவுள் இருக்காரும்மா, இந்தப் பிள்ளை எப்படியும் நல்லா வந்துரும்னு எனக்கு நம்பிக்கை இருக்கு.”

நாங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டோம். தமிழில் நம்பிக்கை என்பது எவ்வளவு பெரிய சொல்! இறைவன் மேல் வைப்பதும் அதுதான், நாளைய பொழுதின் மேல் வைப்பதும் அதுதான், தன் கைத்திறன் மேல் வைப்பதும் அதுதான். நாங்கள் கைத்திறனை அளப்பதாக எண்ணி அவருடைய நல்லெண்ணத்தை அளந்திருந்தோம். கூற்றுகளை மாற்றினோம். ‘நாளை காலை முதல் பாடவேளையில் இதை என்னால் செய்ய முடியும்’ என்று எழுதினோம். அதே ஆசிரியர் மறுபடி படித்துவிட்டு, நெடுநேரம் யோசித்து, மூன்றில் குறித்தார். இந்த ஒரு சொல்லின் கதையை எந்தப் புள்ளியியல் மென்பொருளும் எங்களுக்குச் சொல்லியிருக்காது.

‘உடன்படுகிறேன்’ என்பதிலும் சிக்கல் உண்டு. கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருக்கிறார். படிவத்தை அவரே கொடுக்கிறார். அவர் எதிரிலேயே ‘உடன்படவில்லை’ என்று குறிப்பது நம் ஊரில் மரியாதைக் குறைவு. விருந்தாளி முன்னால் சாப்பாடு சரியில்லை என்று யாராவது சொல்வார்களா? பிறகு படிவம் கொடுக்க நான் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இன்னொன்று, என் வேலையையே திருப்பிப்போட்டது. கற்பித்தல் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அந்த அளவுகோலைக் கொடுப்போம். சிலருக்கு மதிப்பெண் இறங்கியிருக்கும். பயிற்சி தோற்றுவிட்டது என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். 1970களின் இறுதியிலேயே ஜார்ஜ் ஹவர்டு என்ற உளவியலாளர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: பயிற்சிக்குப் பிறகு மனிதரின் திறன் குறையவில்லை, அளக்கும் அவருடைய உள்ளளவுகோல் மாறியிருக்கலாம். முதலில் வேலை எவ்வளவு பெரிது என்று தெரியாது. தெரிந்தபின் தன்னைத் தானே கடுமையாக மதிப்பிடுகிறார். கார்ல் வீட்லி 2002இல், ஆசிரியரின் ஐயம் சீர்திருத்தத்துக்குத் துணையாகலாம் என்று வாதிட்டார். ஐயப்படுகிறவர்தான் வேறு வழி தேடுவார், பக்கத்து ஆசிரியரைக் கேட்பார். மதிப்பெண் இறங்கிய மாணவர்களின் வகுப்புகளில் போய் உட்கார்ந்தபோது, சிலர் உண்மையிலேயே துவண்டிருந்தார்கள். அவர்களுக்கு உதவி தேவைப்பட்டது. வேறு சிலர்தான் அந்தக் குழந்தையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முயன்று தோற்று மறுபடி முயன்றுகொண்டிருந்தவர்கள். செய்தித்தாளை மடித்த பெண்ணின் மதிப்பெண்ணும் இறங்கித்தான் இருந்தது. எண்ணை மட்டும் வைத்திருந்தால் இந்த இரு தரப்பினரையும் ஒரே கட்டத்தில் போட்டிருப்போம். கதையை மட்டும் கேட்டிருந்தால், எந்த வகுப்புக்குள் போய் உட்கார வேண்டும் என்றே தெரிந்திருக்காது.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லா ஆசிரியரிடமும் அதே பத்துக் கேள்வியைக் கொண்டுபோகாதீர்கள். எண்களை முதலில் பாருங்கள். ‘முடியும்’ என்று உயர்வாகக் குறித்தும் அவர் வகுப்பில் ஒரு குழந்தை ஒதுங்கியிருக்கிறதா, அங்கே போங்கள். ‘முடியாது’ என்று குறித்தும் வகுப்பு உயிரோடு இருக்கிறதா, அங்கேயும் போங்கள். சராசரிக்காரர்களிடம் கடைசியில் போகலாம். போனால் ஒருநாள் போதாது. குழந்தையிடமும் கேளுங்கள்.

குழந்தையிடம் கேட்பதை நான் தாமதமாகக் கற்றேன். அந்த மூன்றாம் வகுப்புப் பையனைப் பற்றி என் களக்குறிப்பில் நான்கு வரிகள் இருக்கின்றன. நாற்பது நிமிடமும் அவன் சிலேட்டில் வரைந்துகொண்டிருந்தது ஒரு பேருந்து. நெற்றியில் பெயர்ப்பலகை. அதில் ‘தென்காசி’ என்று எழுதியிருந்தான், ஒற்று விடாமல். காது கேளாத, பள்ளியில் யாரும் எழுத்துக் கற்பிக்காத பிள்ளை, ஊருக்குள் வரும் பேருந்தைப் பார்த்துப் பார்த்துத் தானே எழுதக் கற்றிருந்தான். அவனுக்கு எங்கிருந்து தொடங்கிக் கற்பிக்கலாம் என்ற கேள்விக்கு விடை அவன் மடியில் இருந்தது. அதை நான் ஆசிரியையிடம் காட்டவில்லை. படிவங்கள் சரியாக இருக்கின்றனவா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவன் பெயரையும் குறித்துக்கொள்ளவில்லை. குறிப்பில் ‘செவித்திறன் குறை, ஆண், 1’ என்று இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் நான் செய்த தவறுகளில் இதை நினைக்காத வாரம் இல்லை.

இந்த அறக்கட்டளையின் நிதியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று அதை நிறுவிய குடும்பத்தார் என்னைக் கேட்டார்கள். இன்னொரு கருத்தரங்கு வேண்டாம் என்றேன். சிறப்புக் கல்வி பி.எட். படிக்கும் ஒருவரையும் பொது பி.எட். படிக்கும் ஒருவரையும் இணையாக ஒரே பள்ளிக்கு, ஒரே வகுப்புக்குப் பயிற்சிக்கு அனுப்புவோம். இரண்டு குழுமங்களும் இணையும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு கல்லூரி முதல்வர்கள் ஒப்புக்கொண்டால் போதும், அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முதல் ஆண்டு ஆறு இணைகள். பயணப்படியும் தங்கும் செலவும் அறக்கட்டளை தரும்.

முதல் வாரம் அவர்கள் பாடம் நடத்தப்போவதில்லை. காலையில் குழந்தைகள் வரும் நேரத்துக்கு முன்பே போய், வகுப்பில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்வார்கள். ஒருவர் எண்ணுவார்: ஆசிரியர் யாரிடம் எத்தனை முறை கேள்வி கேட்டார், யார் எத்தனை நிமிடம் சும்மா இருந்தார்கள். மற்றவர் எழுதுவார்: சும்மா இருந்த குழந்தை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது. மறுநாள் இருவரும் மூலையை மாற்றிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை மாலை இரண்டு குறிப்பேடுகளையும் வகுப்பாசிரியரோடு உட்கார்ந்து படிப்பார்கள். இரண்டும் முரண்படும் முதல் இடத்தில் இருக்கும் குழந்தையின் பெயரைப் பாடக்குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு, திங்கட்கிழமைப் பாடத்தை அங்கிருந்து தயாரிப்பார்கள்.